வாடல் என்னும் ஒற்றைப் பெயர்

திருகோணமலைக் கரையோரத்தில் ‘வாடு’ என்ற வினை ஒரே நாளில் அடுப்படியிலும் முற்றத்திலும் புழங்கும். சந்தைக்குப் போனவர் கருவாடு வாங்கி வருவார். வீட்டிலிருப்பவர் “சீனியாக் கன்று வாடிப் போச்சு” என்று முறையிடுவார். கருவாடு என்பதைக் கரு, வாடு என்று பிரிப்பது வழக்கம். சங்கப் பாட்டுகளில் வரும் ‘வாடூன்’ உலர்த்திய இறைச்சியைக் குறிக்கும். மீன், ஊன், இலை, பூ எதுவானாலும், உள்ளிருந்த நீர் போய்விட்டது என்று சொல்லப் பிறந்த வினை இது. அந்த நீர் எப்படிப் போனது, யார் தடுத்தது என்ற கேள்விக்கு இந்தச் சொல்லிடம் பதில் இல்லை. பூச்செடி வளர்ப்பவர்களின் தொல்லையில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சொல்லின் குடும்பம் பெரியது. மலையாளத்தில் வாடுக, தெலுங்கில் வாடு. கன்னடத்தில் வகரம் பகரமாகிப் ‘பாடு’. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஓரினமாகவே காட்டுகிறது. எங்கும் பொருள் மாறவில்லை: நீர் குறைந்து தளர்தல்.

ஒலியால் மட்டும் ஒட்டி நிற்கும் இரண்டு சொற்களை முதலில் விலக்கிவிட வேண்டும். ஒன்று வாடை. பூவை வாட்டுவதால் வாடை என்று சொல்லத் தோன்றும். உண்மையில் அது ‘வட’ என்ற திசைச்சொல்லிலிருந்து வந்தது. வடக்கிலிருந்து வீசுவது வாடை. திருகோணமலைக்கு அதுவே மழைக்காற்று. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் பெய்துவிடும். இங்கே செடியை உண்மையில் உலர்த்தும் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் தென்மேல் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டு சூடேறி வரும். இரண்டு காற்றிலும் பூச்செடி தலை தொங்கும். கச்சானில் வேருக்கு நீர் இல்லை. வாடை மழையில் வேருக்கு மூச்சு இல்லை.

மற்றது வாடி. மீனவர்கள் பருவத்துக்குக் கரையில் போடும் ஓலைக் கொட்டில் அது. கருவாடு காய்வதும் அதன் முன்னால்தான் என்பதால் வாடுவதிலிருந்து வாடி வந்தது என்று பலர் நினைப்பார்கள். இதன் கால்வழி வேறு. வடமொழியில் வாடீ, வாடிகா என்றால் வேலி அடைத்த இடம், தோட்டம். மரவாடியும் விறகுவாடியும் அந்த அடைப்புப் பொருளில் வந்தவை. சிங்களத்திலும் மீனவர் கொட்டிலுக்கு ‘வாடிய’ என்றே பெயர். சீதை சிறையிருந்த அசோகவனம் வடமொழி வழக்கில் அசோகவாடிகா. வாடுவதைப் போல ஒலிக்கும் ஒரு சொல்லுக்குள் பூந்தோட்டம் இருக்கிறது.

இனி ‘வாடு’ என்ற வினையின் மறுபக்கத்தைப் பார்க்கலாம். தமிழில் வாடாதவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியலில் ‘வாடா வள்ளி’ என்று ஒரு துறைப்பெயர் வருகிறது. வள்ளி ஒரு கொடி; வள்ளிக்கூத்து என ஒரு கூத்தும் இருந்தது. வாடும் கொடியைச் சொல்லவில்லை, கூத்தைச் சொல்கிறேன் என்று காட்டவே ‘வாடா’ என்ற அடை. சேரர் தலைநகரான வஞ்சியை வஞ்சிப்பூவிலிருந்து பிரிக்க ‘வாடா வஞ்சி’ என்றார்கள். பாணருக்கும் பாடினிக்கும் மன்னர் பரிசளித்த வாடாத பூவும் மாலையும் பொன்னால் செய்தவை. செடியும் கொடியும் வாடியே தீரும். வாடாதது என்றால் அது செடியாகவோ கொடியாகவோ இருக்க முடியாது என்ற எண்ணமே இந்தப் பெயர்களுக்கு அடிப்படை. நளன் கதையில் தமயந்தி செய்ததும் இதுதான். நளன் வடிவில் வந்த தேவர்களுக்கு நடுவே உண்மையான நளனை அவள் அடையாளம் கண்ட குறிகளில் ஒன்று, அவன் கழுத்து மாலை வாடியிருந்தது. அறிகுறியைக் கொண்டு ஆளை அறிந்த சோதனை அது.

அந்த வரிசையில் கடைசியாக வந்தது வாடாமல்லி. இது மல்லிகை இனமே இல்லை. நடு அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த செடி. ஆகவே பெயரும் அதற்குப் பின் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பெயர் வைத்த முறை தொல்காப்பியக் காலத்தது. நாம் பூ என்று பார்ப்பது கடதாசி போன்ற பூவடிச் செதில்களை. அவற்றில் போவதற்கு நீரே அதிகம் இல்லாததால் பறித்து மாதக்கணக்கானாலும் நிறம் நிற்கிறது. இச்செடியின் குடும்பத்துக்குத் தாவரவியலார் வைத்த பெயர் அமரந்தேசியே. கிரேக்கத்தில் அமரந்தோஸ் என்றால் வாடாதது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே குடும்பத்துப் பூவுக்கு ஒரே பெயரை வைத்திருக்கின்றன. பூ வாடாதே தவிர, வேர் அழுகினால் வாடாமல்லிச் செடியும் வாடும்.

‘வாடு’ என்பதன் பிறவினை ‘வாட்டு’. பொதிசோறு கட்ட வாழையிலையை அனலில் வாட்டுகிறோம். மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பறித்த கொழுந்துக்கு முதல் வேலை வாட்டுதல். இரண்டிலும் கலங்களில் விறைத்து நின்ற நீர் குறைந்து இலை வளைந்து கொடுக்கிறது. பூச்செடியின் இலை தொங்குவதற்கும் காரணம் அதே. தாவரக் கலம் நீர் நிறைந்து விறைத்திருக்கும்வரைதான் இலை நிமிர்ந்து நிற்கும். வேர் உறிஞ்சிய நீர் தண்டுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் வழியாக இலைக்கு ஏறி ஆவியாகிறது. ஏறுவது குறைந்தாலும், ஆவியாவது கூடினாலும், நடுவில் குழாய் அடைத்தாலும் வெளியே தெரிவது ஒரே காட்சி.

‘வாட்டம்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் மழைநீர் தேங்காமல் ஓடுவதற்குத் தளத்தில் விடும் சரிவை வாட்டம் என்பார்கள். பூப்பாத்திக்கும் இது பொருந்தும். நிலத்துக்கு வாட்டம் கொடுத்தவர் செடியின் வாட்டத்தில் ஒரு பங்கைத் தவிர்த்துவிடுவார்.

இந்தப் பழைய வினைதான் நவீன வேளாண்மையில் ‘வாடல் நோய்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘வில்ட்’ என்ற சொல்லின் கதையும் இதேதான். அதுவும் ஒரு நாட்டுப்புற வினையாக இருந்து நோய்ப்பெயரானது. அமெரிக்கரான எர்வின் ஸ்மித் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு மூன்றையும் வீழ்த்திய பற்றீரியாவை 1896இல் விவரித்தார்; பருத்தி, வத்தகை, தட்டைப்பயறு ஆகியவற்றின் வாடல் பற்றி 1899இல் எழுதினார். பற்றீரியா தாவரத்துக்கு நோய் தரும் என்பதையே ஏற்காத ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் பிஷருடன் அவர் அந்த ஆண்டுகளில் எழுத்தில் மல்லுக்கு நின்றார். ஸ்மித் கண்ட உயிரிக்கு இன்றைய பெயர் ரால்ஸ்டோனியா. 1899இல் அவர் எழுதிய வாடலுக்குக் காரணம் பியூசேரியம் என்ற பங்கசு. லத்தீனில் நூற்கும் கதிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து, அதன் வித்திகளின் வடிவத்தைப் பார்த்து 1809இல் லிங்க் வைத்த பெயர். தமிழ்நாட்டு நூல்கள் பூஞ்சை, பாக்டீரியா என்று எழுதும். இலங்கைத் தமிழில் பங்கசு, பற்றீரியா. வாடல் மட்டும் இரு கரைக்கும் பொது.

பொதுவாக இருப்பதால்தான் சிக்கலும் வருகிறது. பெயர்களைப் பாருங்கள். வாழையின் பனாமா வாடல் பியூசேரியம் பங்கசால் வருவது. 1952 புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் கவனிக்கப்பட்ட தென்னையின் தஞ்சாவூர் வாடல், கனோடெர்மா என்ற வேறொரு பங்கசின் வேலை. 1882 வெள்ளத்துக்குப் பின் ஈராட்டுப்பேட்டைப் பகுதியில் தெரியவந்த கேரள வேர் வாடலும், இலங்கையின் தெற்கே பரவிய வெலிகம இலை வாடலும் பைட்டோபிளாஸ்மா என்னும் மிக நுண்ணிய உயிரியால் வருபவை. கத்தரியின் வாடல் பற்றீரியாவால். நோயுயிர்கள் இத்தனை வகை. கடைசிப் பெயர் எல்லாவற்றுக்கும் வாடல். காய்ச்சல் என்பது எப்படி ஒரு குறியோ அப்படித்தான் இதுவும். காய்ச்சலுக்கு மருந்து கேட்பவரை மருத்துவர் திருப்பிக் கேள்வி கேட்பார். வாடலுக்கு மருந்து கேட்பவருக்கோ கடையில் ஒரு போத்தல் கிடைத்துவிடுகிறது.

தமிழில் இதைப் பிரித்துச் சொல்லச் சொற்கள் இல்லாமலில்லை. சோர்தல், துவளுதல், குழைதல், வதங்குதல், வாடுதல், பழுத்தல், கருகுதல், அழுகுதல், படுதல் என ஒரு வரிசையே இருக்கிறது. நோய்ப்பட்டியலாக யாரும் வகுத்தவை இல்லை இவை. ஆனாலும் கண் பார்த்த வேறுபாட்டிலிருந்து பிறந்தவை என்பதால் இன்றும் செடியருகே நின்று பயன்படுத்தலாம்.

முதலில் நோயே அல்லாததை ஒதுக்குவோம். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களைச் சொல்வார்கள். வீ உதிர்ந்த பூ. செம்மல் வாடிய பூ. செடி நிமிர்ந்து நின்று பூ மட்டும் சுருங்கினால் அது செம்மல். வயது முடிந்தது, அவ்வளவுதான். கிள்ளிவிட்டால் அடுத்த மொட்டு விரியும்.

அடுத்தது சோர்தல். கச்சான் வீசும் நாளில் பகல் இரண்டு மணிக்குச் செவ்வரத்தையின் இலைகள் தொங்கும். அந்தி சாய எழுந்துவிடும். வேர் கொடுத்ததைவிட இலை இழந்தது அதிகம் என்பதே இதன் பொருள். விடியற்காலையிலும் எழவில்லை என்றால் அதுதான் வாடுதல். மண் உலர்ந்திருந்தால் உடனே நீர் வேண்டும். இரவு முழுதும் ஈரக்காற்றில் வைத்தாலும் செடி எழ முடியாத அளவுக்கு மண் வறண்ட நிலையை மண்ணியலார் நிரந்தர வாடல் நிலை என்பார்கள். பிரிக்ஸ், சாண்ட்ஸ் என்ற இருவர் 1912இல் இதை எண்ணால் அளக்க வழி செய்தார்கள். பிற்பாடு அந்த அளவைக்குரிய சோதனைச் செடியாக நிலைத்தது ஒரு பூச்செடி, சூரியகாந்தி.

கருகுதல் இலையின் ஓரத்தில் தொடங்கும். இந்தக் கரையில் அது பெரும்பாலும் உப்பின் கையெழுத்து. நகரில் ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் என்றழைக்கப்படும் பகுதிக்குத் தமிழில் உவர்மலை என்று பெயர். நகருக்கு வடக்கே உப்புவெளி. கடற்கரை மணலில் நல்ல நீர் மெல்லிய படலமாக உவர்நீரின் மேல் மிதக்கும். கோடையில் அதிகம் இறைத்தால் கீழிருப்பது மேலே வரும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிழக்குக் கரைக் கிணறுகளை ஒரே நாளில் உப்பாக்கிக் காட்டியது. மண்ணில் உப்பு கூடினால் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. அங்கே ரோசாவோடு போராடுவதைவிட அலரி, நித்தியகல்யாணி, கடதாசிப்பூ வைப்பது மேல்.

பழுத்து வாடுவது பியூசேரியத்தின் வழி. அடியிலை முதலில் மஞ்சளாகும், பல நேரம் செடியின் ஒரு பக்கத்தில் மட்டும். பிறகு மேலே ஏறும். தண்டை நீளவாட்டில் கீறினால் உட்பட்டைக்கு அருகே கபில நிறக் கோடு தெரியும். பங்கசு குழாய்க்குள் புகுந்து அடைத்த தடம் அது.

குழைதல் இதற்கு எதிர். வள்ளுவர் முகர்ந்தாலே தளரும் அனிச்சத்துக்கு வாடுதலைச் சொல்லாமல் குழைதலைச் சொன்னார். நிறம் மாறுவதற்கு முன்பே மென்மையாகிச் சரிவது குழைதல். பற்றீரியா வாடல் இப்படித்தான் வரும். நேற்றுவரை பூத்து நின்ற சீனியாவோ டேலியாவோ, இலையில் மஞ்சள் ஒன்றும் காட்டாமல், பச்சையாகவே தொங்கிவிடும். நீரூற்ற ஊற்ற இன்னும் சரியும்.

இதை உறுதிசெய்ய ஆய்வுகூடம் தேவையில்லை. கண்ணாடித் தம்ளர் போதும். குழைந்த செடியின் தண்டை நிலத்துக்குச் சற்று மேலே கூரான கத்தியால் நறுக்குங்கள். விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்து, தெளிந்த நீர் நிறைந்த தம்ளரில் வெட்டுவாய் மட்டும் நனையும்படி தொங்கவிடுங்கள். தம்ளரை ஆட்டாமல், பின்னால் கறுப்புத் துணி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற மெல்லிய இழை நேராகக் கீழே இறங்கும். அந்த இழையில் இருப்பவை கோடிக்கணக்கான பற்றீரியாக்கள். இழை வராமல் தண்டுக்குள் கபிலக் கோடு மட்டும் இருந்தால் சந்தேகம் பங்கசின் பக்கம். பார்த்து முடிந்ததும் கத்தியைக் கொதிநீரிலோ ஸ்பிரிட்டிலோ கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்; தம்ளர் நீரையும் கொதிக்க வைத்தே ஊற்றுங்கள்.

அழுகுதலைக் காண மண்ணைக் கிளற வேண்டும். வேரை இரு விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவிவந்து நடுநார் மட்டும் மிஞ்சினால், நீர் தேங்கி வேர் அழுகிவிட்டது. மண்மட்டத்தில் தண்டைச் சுற்றி வெள்ளை நூற்படலமும் அதில் கடுகு போன்ற கபில மணிகளும் இருந்தால் ஸ்கிளெரோசியம் என்ற பங்கசு, கழுத்தழுகல் என்பார்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழு. மணற்பாங்கான மண்ணில் அதற்கு வாழ்வு எளிது. படுதல் என்பது எல்லாவற்றுக்கும் பின் வரும் முடிவு. பட்ட செடிக்கு வைத்தியம் இல்லை.

பெயரைச் சரியாகப் பிரித்தால்தான் அடுத்து என்ன நடலாம் என்பது தெரியும். பூச்செடிகளைத் தாக்கும் பியூசேரியம் பெரும்பாலும் இனத்துக்கு ஒன்று. அஸ்டரை வீழ்த்துவது கார்னேஷனைத் தொடாது. கார்னேஷனைக் கொல்வது அஸ்டரை விட்டுவிடும். அந்த இடத்தில் வேறு பூ வைத்துப் பிழைக்கலாம், அதே பூவை மட்டும் பல ஆண்டுகளுக்கு வைக்கக்கூடாது. ரால்ஸ்டோனியா அப்படியில்லை, 200க்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கும். கத்தரியும் தக்காளியும் மிளகாயும் செத்த பாத்தியில் சீனியா வைப்பது அதற்கு அடுத்த வேளைச் சோறு போடுவது. அங்கே சோளம் போன்ற புல்லினத்தைச் சில பருவம் விதைக்க வேண்டும். பற்றீரியா புகுந்த செடியைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கடையில் இல்லை. வேரோடும் சுற்றுமண்ணோடும் பைக்குள் எடுத்து எரிப்பதே வழி. உரக்குழியில் போட்டால் நோயை உரமாக்கித் தோட்டம் முழுக்கத் தூவியதாகும்.

தடுப்பு இந்த மாவட்டத்தின் இரண்டு பருவத்துக்கும் இரண்டு விதம். வாடை தொடங்குமுன் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, வாட்டம் கொடுத்து, வடிகால் வெட்ட வேண்டும். ஒரு பாத்தியின் நீர் இன்னொன்றுக்குள் ஓடக்கூடாது. ரால்ஸ்டோனியா நீரோடு பயணம் செய்யும். கச்சான் காலத்தில் அதிகாலையில் வேர் நனைய ஆழமாக நீர் ஊற்றி, காய்ந்த ஓலையோ சருகோ பரப்ப வேண்டும். மணல் மண்ணுக்குக் கூட்டெரு கூடுதலாக வேண்டும். நீரைப் பிடித்து வைக்க அதற்கு வேறு வழியில்லை. அந்தப் பருவத்தின் கொடும் வெயிலுக்கும் ஒரு பயன் உண்டு. வெற்றுப் பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பொலித்தீனால் இறுக மூடி நான்கு முதல் ஆறு வாரம் விட்டால் மண் சூடேறிப் பல நோயுயிர்கள் குறையும். 1976இல் இஸ்ரேலில் கட்டான் குழுவினர் அறிவித்த முறை இது. வட்டப்புழு உள்ள மண்ணில் துலுக்கச் செவ்வந்தியை நெருக்கமாக வைத்தால் அதன் வேரில் உள்ள பொருள் புழுவை அடக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் தெளியாவிட்டால் விவசாயப் போதனாசிரியரிடமோ பயிர்ச் சிகிச்சை முகாமிலோ கேட்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கமும் இருக்கிறது. கேட்கும்போது “பூக்கன்று வாடுது” என்று மட்டும் சொல்லாதீர்கள். சோர்ந்து அந்தியில் எழுகிறதா, பழுத்து வாடுகிறதா, ஓரம் கருகுகிறதா, பச்சையாகக் குழைகிறதா, அடி அழுகியிருக்கிறதா என்று சொல்லுங்கள். செடியை வேரோடு கொண்டுபோங்கள். கடையில் போத்தல் வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.